தூக்குக்குண்டு கண்ட பீடை

அந்த வாரம் ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுச் சாமியின் வாசலில் வரிசை கட்டி நின்றது. சாமியிடம் இருந்தது ஒரு தெருப் படம், அதன்மேல் தொங்கவிட நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டு. குண்டு எந்த வீட்டின்மேல் வட்டமிடுகிறதோ அந்த வீட்டில் பீடை. வாசலை இடித்துத் திசை மாற்ற வேண்டும். இடிக்கிற ஆளையும் சாமியே அனுப்புவார். அருளுக்குத்தான் எத்தனை கிளைத்தொழில்!

கொத்தனார் வீட்டின்மேலும் குண்டு சுற்றிவிட்டது. ஊராருக்கு முப்பது வருடம் சுவர் எழுப்பி, தனக்கென்று கட்டிய இரண்டே அறை. மறுநாள் முன்சுவரை இடிக்க வேண்டும். அவர் தினமும் கையில் பிடிப்பதும் தூக்குக்குண்டுதான். அதில் சுவரின் கோணலை மட்டுமே பார்த்து இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டோமே என்று வருத்தம் வேறு!

அவர் மகள் நகர அமைப்புப் படிக்கிறாள். ஒரு மாதமாகத் தெருத்தெருவாக நடந்து, வாசல், சாக்கடை, குழாயடி எல்லாவற்றையும் எண்ணிப் படம் வரைகிறாள்.

"அப்பா, அந்தச் சுவர்தானே கூரையைத் தாங்குது?"

"முட்டுக் கொடுத்துக்கலாம்மா. குண்டு சுத்திடுச்சே!"

"வாங்க, இன்னொரு தடவை சுத்தட்டும்."

சாமி முன்னால் தன் படத்தை விரித்தாள். பெயர் எதுவும் எழுதாத வெறும் கட்டங்கள். "சந்தைக்குப் பின்னால இருக்கிற தெரு சாமி. பீடை எங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

குண்டு மூலைக் கட்டத்தின்மேல் சுற்றியது. சாமி கண்ணை மூடினார். "பொண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகுது. உள்ளே ஒரு அழுகுரல் கேக்குது... உடனே வாசலை இடிக்கணும்!"

"அது பொதுக் கழிப்பிடம் சாமி."

வரிசையில் நின்ற பால்காரர்தான் முதலில் சிரித்தார். "அழுகுரல் சரிதாங்க. தண்ணி வராதப்ப நானே அழுதிருக்கேன்!"

"நம்பிக்கை இல்லாதவ வரைஞ்ச படம், குண்டு தடுமாறிடுச்சு" என்றார் சாமி.

கொத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. நூலைப் பிடுங்கி உத்தரத்து ஆணியில் கட்டினார். சாமியின் சொந்தப் படத்தையே எடுத்து, தன் வீடு நேர்கீழே வரும்படி வைத்தார். குண்டு அசையாமல் நின்றது.

"ஆணி பிடிச்சா பீடை இல்ல, நீ பிடிச்சாத்தான் வருதா? கை ஆடினாத்தான்யா குண்டு ஆடும்! தெரிஞ்சும் என் வீட்டையே இடிக்கப் பாத்தேனே!"

சாமி கொல்லை வாசல் வழியாகக் கழன்றுகொண்டார். அந்த வாசலில் மட்டும் பீடை இல்லை போலும்.

ஏற்கெனவே வாசலை இடித்துவிட்ட ஏழு வீட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ, நம்பகமான வேற சாமி யாராச்சும் இருக்காங்களா?"

வீட்டுக்காரரே, பீடை பிடித்தது உம் வாசலையா, மூளையையா? சாமியைக் கேட்காமல் ஒரு முறையாவது யோசித்துச் சொல்லும்.