ஒரு குடை, இரண்டு பேர், ஒரு முத்திரை அல்பம்

ஒரு பெண் நான்கு மாதம் உங்களை 'அண்ணை' என்று கூப்பிடாமலே கதைத்தால், அதை வைத்து ஒரு முழு வாழ்க்கையையே கட்டலாம். நான் கட்டினேன்.

அப்போது மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எனக்கு ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு கோப்பை. வார நாட்களில் பிரெஞ்சு வகுப்பில் வாய் திறப்பேன். சனி, ஞாயிறில் மூலைக்கடைக்காரருக்கு 'பொன்ஷூர்' என்று ஒரு வணக்கம் சொல்வதற்காகவே பால் வாங்கப் போவேன். (நான் பால் குடிப்பதில்லை.)

வகுப்பில் பக்கத்து இருக்கை, லவாலிலிருந்து வரும் வதனி.

"ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தில ஜப்பான் எஸ்தாம்ப் வைக்கினம். காதலும் இயற்கையுமாம். வாறீங்களே?"

"ஓம்!"

நாங்கள் ஸ்டேஷனை 'இஸ்ரேசன்' ஆக்கியதுபோல, பிரெஞ்சுக்காரர் ஸ்டாம்பை 'எஸ்தாம்ப்' ஆக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூட நாளில் சேர்த்த தபால் முத்திரை அல்பம், பூதக்கண்ணாடி, பனிக்கு ஒரு பெரிய குடை சகிதம் போனேன். அன்று மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று திட்டம்.

சுவரில் முத்திரையே இல்லை. எல்லாம் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். ஒன்றில், கொட்டும் பனியில் ஒரே குடைக்குள் ஓர் ஆணும் பெண்ணும். எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"இதென்ன அல்பம்?" என்றாள் வதனி.

"எஸ்தாம்ப் எண்டீங்கள்..."

"ஐயோ! எஸ்தாம்ப் எண்டால் இந்த அச்சுப்படம். முத்திரைக்குப் பிரெஞ்சில வேற சொல்லெல்லோ!"

மானத்தைக் காப்பாற்ற, விஷயம் தெரிந்தவன்போல் பூதக்கண்ணாடியோடு படத்தை நெருங்கினேன். "மிஸ்யூ!" என்று காவலர் போட்ட சத்தத்தில் அல்பம் கைநழுவி, முத்திரைகள் மண்டபமெங்கும் சிதறின. காதலைச் சொல்ல வந்தவன் முழங்காலில்தான் நின்றேன், முத்திரை பொறுக்க. வதனியும் சிரிப்பை அடக்கியபடி பொறுக்கினாள்.

"அண்ணை, உங்கட சப்பாத்துக்குக் கீழ ஒண்டு கிடக்கு."

நான்கு மாதக் கட்டடம் அந்த ஒரு சொல்லில் சரிந்தது.

வெளியே பனி கொட்டியது. குடையை விரித்தேன். மொன்றியலில் பனிக்கு ஒருவரும் குடை பிடிப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அவள் குளிரங்கியின் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாறன் அண்ணை" என்று மெத்ரோவுக்குள் இறங்கிவிட்டாள். (எங்கள் ஆட்கள் போகும்போதுதான் 'வாறன்' என்பார்கள்.)

இப்போது அவளுடைய பிள்ளைகளுக்கு நான் 'முத்திரை மாமா'. கதையை அவள் கணவர்தான் நன்றாகச் சொல்வார், நான் தனியே குடையோடு நின்றதை நடித்துக் காட்டி. பிள்ளைகள் கடித உறைகளிலிருந்து வெட்டிய முத்திரைகளை எனக்குச் சேர்த்து வைப்பார்கள். போன மாதம் சின்னவள் கேட்டாள்:

"மாமா, உங்களுக்கு ஒருத்தரும் கடிதம் போடுறேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன்.