கடமான் கற்ற வனவிலங்கு மேலாண்மை

ஒரு காட்டில் (அதன் பெயரைச் சிலர் சொல்வர், சிலர் மறைப்பர், மறைக்கும் வடிவே பழையது) கோடை வந்தால் குட்டைகள் வற்றிவிடும். அப்போது வனத்துறையினர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து சிமெண்டுத் தொட்டியில் ஊற்றுவர். வாரம் ஒரு லாரி. யானைக்கும் மானுக்கும் அதுவே உயிர்.

ஓராண்டு புதிய ஆணை வந்தது. அறிவியல் முறைப்படி தன் விலங்குகளைக் கணக்கெடுத்துக் காட்டாத காட்டுக்கு இனி லாரி வராது. கணக்கெடுக்கக் கற்றவர் அங்கே எவருமில்லை. அடிவாரத்துச் சமுதாயக் கல்லூரியிலோ வனவிலங்கு மேலாண்மைப் பட்டயப் படிப்பு தொடங்கியிருந்தது. பள்ளியை இடையில் நிறுத்தியோரும் சேரலாம் என்றிருந்ததால், பள்ளிக்கே போகாத கடமான் செவந்தி போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பால்குடி மறவாத கன்று ஒன்றிருந்தது. தொட்டி வற்றினால் முதலில் சாய்வது அதுதான் என்பதை அவள் அறிவாள்.

வகுப்பில் அவளையன்றி ஒருவனே இருந்தான்: சாணம் உருட்டும் வண்டு மொட்டையாண்டி. அவன் எதற்காகச் சேர்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காட்டில் கேலிக்குக் குறைவில்லை. செவந்தி வகுப்பு முடிந்து வரும் வழியில் காட்டுப்பன்றிகள் வரிசையாக எழுந்து நின்று, "மேனேஜரம்மா வர்றாங்க, ஒழுங்கா நில்லுங்கடா" என்று ஒன்றையொன்று அதட்டிக்கொள்ளும்.

பேராசிரியர் ஓர் உடும்பு. பிடித்ததை விடாதவர். கண்ணால் கண்டதைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது அவருடைய முதற்பாடம். விலங்கு ஓடும், ஒளியும், ஒன்றே இருமுறை எதிரே வரும். எச்சமோ போட்ட இடத்தில் கிடக்கும், பொய் சொல்லாது. ஆகவே கயிற்றால் கட்டங்கள் வகுத்து, அவற்றுள் விழும் யானை லத்தியையும் மான் புழுக்கையையும் எருதின் சாணத்தையும் எண்ணி, காட்டின் தொகையைக் கணிக்க வேண்டும்.

தேர்வும் அதுவே, வனத்துறைக்குப் போகும் கணக்கும் அதுவே. செவந்தி கட்டங்களை வகுத்தாள். அத்துடன் நில்லாமல் புதர் புதராகச் சென்று, தயவுசெய்து கயிற்றுக்குள் போகும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டாள். யானை மாராயி பெருந்தன்மையோடு இசைந்தாள். காட்டெருதுக் கிழவர் மட்டும் முனகினார்.

"ஏனம்மிணி, இத்தன வருசமா நெனச்ச எடத்துல போனவன் நானு. இப்பக் கயித்துக்குள்ள நின்னா வருமா?"

வந்தது.

கட்டங்களுக்குக் காவல் இருக்கும் பொறுப்பை மொட்டையாண்டி தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் உடும்பு வந்தபோது, கட்டங்கள் கோலம் போடுவதற்குக் கூட்டித் தெளித்த வாசல்போல் இருந்தன. இவ்விடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது. வண்டு தலைகுனிந்து அழுதான் என்பது ஒரு வடிவம். ஏப்பம் விட்டான் என்பது மற்றொன்று. வண்டினத்தை அறிந்தோர் பின்னதையே ஏற்பர்.

"கட்டம் போட்டுப் பரிமாறி வெச்சா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றான் செவந்தியிடம். "எங்க சாதிசனத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டேன். எல்லாரும் உன்னைத்தான் வாழ்த்திட்டுப் போனாங்க."

இக்காட்டில் விலங்குகள் இல்லை என்று உடும்பு முடிவு அறிவித்தார். அவருக்குப் பின்னால் நின்ற மாராயி துதிக்கையால் அவர் முதுகைத் தட்டினாள்.

"வாத்தியாரே, நான் நிக்கிறனே."

"நிற்பது சான்றாகாது," என்றார் அவர், திரும்பிப் பாராமலே.

பூச்சியத்துக்கு எவர் தண்ணீர் ஊற்றுவார் என்று காடே கலங்கியது. செவந்தி தன் கன்றைப் பார்த்தாள். கெஞ்சினால் உடும்பு இளகமாட்டார். பாடத்தில் ஐயம் கேட்டால் மட்டுமே வாய்திறப்பார்.

"ஐயா, விலங்கே இல்லாத காட்ட என்ன செய்வாங்க?"

உடும்பின் முகம் மலர்ந்தது. அத்தகைய காடு பெருங்கவலைக்குரியது என்றார். வெளியிலிருந்து விலங்குகள் வந்து குடியேறும்படி செய்தாக வேண்டும். நீரில்லாத இடத்துக்கு எதுவும் வாராது. ஆகவே அவை வந்து சேரும்வரை நாள்தோறும் ஒரு லாரி ஊற்றுவதே நெறி என்று விரிவாக விளக்கினார்.

"விலங்கு இருக்கற காட்டுக்கு?"

"வாரம் ஒன்று."

செவந்தி மாராயியைப் பார்த்தாள். மாராயி துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மரத்தின் பின்னால் போய் நின்றாள். அம்மரம் அவளில் காற்பங்கையும் மறைக்கவில்லை.

"அப்படின்னா நாங்க இல்லைங்கய்யா," என்றாள் செவந்தி.

அக்கோடை முழுவதும் தொட்டி நிரம்பி வழிந்தது. காட்டெருதுக் கிழவர் அதற்குள்ளேயே படுத்துக் கிடந்தார். பூச்சிகள் கணக்கெடுப்பில் அடங்கா என்பதால் மொட்டையாண்டி ஒருவன் மட்டும் இருப்பவனாகக் கொள்ளப்பட்டு, முதல் வகுப்பில் பட்டயம் பெற்றான். செவந்திக்குப் பட்டயம் இல்லை. அக்காட்டில் கடமான் எதுவும் வாழவில்லை என்று கல்லூரி முறைப்படி அறிந்திருந்தது. விழா நடந்த நேரத்தில் அவள் தொட்டியருகே நின்று, இல்லாத தன் கன்று வயிறு முட்டக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: தாகமெடுத்தவர் 'நான் இருக்கிறேன்' என்று கத்துவது பேதைமை, இல்லை என்று முறைப்படி மெய்ப்பித்துக்கொள்வதே கல்வி. அதற்கு நன்றாகத் தின்னும் வகுப்புத்தோழன் ஒருவன் வாய்க்க வேண்டும்.