அட்டைக்கு என்ன கலர்?

“செவப்புன்னா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருவேனுங்க” என்றார் பொங்கியண்ணன்.

சொன்னதோடு நிற்கவில்லை, எழுந்தே விட்டார். நல்லேப்பிள்ளி சங்கீத சபையின் தலைவர் அவர். செயலாளர் ரத்தினசாமி கையில் சிவப்பு மையில் அச்சடித்த மாதிரித் தாளோடு நின்றான். ‘சுதி’ என்ற இசை மாசிகையின் முதல் இதழுக்கான அட்டை அது.

“ஏனுங்கண்ணா, செவப்புல என்னங்க தப்பு?”

“போன எலெக்சன்ல செவப்புக் கொடிக்காரங்க என்ற வயல்ல நட்டுட்டுப் போன கம்பு இன்னும் அங்கயேதான் நிக்குது. பாட்டுப் பொஸ்தகத்துலயும் வந்து நடணுமா?”

ரத்தினசாமி சிவப்பைச் சுருட்டிவிட்டுப் பச்சையை எடுத்தான். பொங்கியண்ணன் உட்கார்ந்தார். இப்போது துணைத் தலைவர் மாரப்பன் எழுந்துவிட்டார். முதலமடையில் மாந்தோப்புக்காரர், பொங்கியண்ணனின் மனைவிக்கு உடன்பிறந்தவர்.

“பச்சை வேண்டாமுங்க. பஞ்சாயத்து எலெக்சன்ல மாமா நின்னப்ப ஒட்டின நோட்டீஸெல்லாம் பச்சைதான். தோத்த கலரு.”

“நான் தோத்தது கலராலயா, உன்னாலயா மாப்ள?”

மஞ்சளை எடுத்தால், ‘மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாங்கன்னு ஊரே சிரிக்கும்’ என்றார் ஒருவர். நீலத்தை எடுத்தால், ‘இன்லண்டு லெட்டருன்னு நெனச்சு ஒட்டித் தபால்பெட்டியில போட்டுருவாங்க’ என்றார் மற்றவர். ஆறு வருடமாக ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டவர்கள், அன்றைக்கு வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறினார்கள்.

ரத்தினசாமிக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் வயலில் கொக்குகூட எழுந்து போய்விடும். ஆனால் இந்தப் பக்கத்தில் நாற்று நடுகிறவர்கள் பாடுகிற பாட்டும், கோயிலில் பாடுகிற பாட்டும் யாரும் எழுதிவைக்காமலே போய்க்கொண்டிருந்தன. பாட முடியாதவன் எழுதியாவது வைக்கலாமே என்று இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தான். உள்ளே போகவேண்டிய முப்பத்திரண்டு பக்கமும் அச்சாகிவிட்டன. தை முதல் தேதி வெளியீடு. முந்நூறு பேர் இதழ் வேண்டுமென்று பெயர் கொடுத்திருந்தார்கள். அட்டை ஒன்றுதான் பாக்கி. அதற்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

மறுநாள் சித்தூரில் அச்சகம் வைத்திருந்த பாஸ்கலிடம் போனான்.

“கருப்பே போட்டுருங்க. கருப்பை யாரும் சண்டைக்கு இழுக்க முடியாது. எழுத்து மட்டும் நல்லாத் தடியா, ஒரு கம்பீரமா இருக்கணும்.”

“தமிழ்ல தடி எழுத்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சாரே. போடறேன். பார்டரும் கட்டித் தரேன், சும்மா இருந்தா நல்லாருக்காது” என்றார் பாஸ்கல்.

அந்தத் தடி எழுத்தை அவர் எதற்கு வைத்திருந்தார் என்று ரத்தினசாமி கேட்கவில்லை.

மாதிரி அச்சு காலை பஸ் கண்டக்டர் கையில் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போயிற்று. அவர் மோட்டாருக்குப் பெல்ட் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார். அவர் மனைவி மருதாத்தாள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். விரல் தடிமனுக்குக் கருப்புக் கட்டம். நடுவில் தடித்த எழுத்தில் ‘நல்லேப்பிள்ளி பொங்கியண்ணன்’. கீழே ஒரு தேதி. ‘சுதி’, ‘தலைவர்’ என்ற சொற்கள் எறும்பளவில் ஓர் ஓரமாக இருந்தன.

“ஊட்ட விட்டுப் போயி அரை நாளாகல, அதுக்குள்ள அச்சடிச்சுட்டாங்களே!” என்று மருதாத்தாள் போட்ட சத்தத்தில் களத்தில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

மாலை பஸ்ஸில், தோளில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கிய பொங்கியண்ணன், தன் வீட்டு வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் நின்றார். முதலமடையிலிருந்து லாரியில் வந்து இறங்கியிருந்த மாரப்பன், ஆளுயர மாலையோடு அவருக்கு முன்னால் நின்றார்.

“மாப்ள, யாரு போனது?” என்று பொங்கியண்ணன் மெதுவாகக் கேட்டார்.

மாரப்பன் திரும்பினார். மாலை கையிலிருந்து நழுவியது.

“நீங்கதானுங்க மாமா.”

அடுத்த நாள் விடிந்ததும் ரத்தினசாமி அச்சகத்தில் இருந்தான். “அது சாவு எழுத்துன்னு சொல்லக் கூடாதுங்களா?”

“நீங்க தடியாக் கேட்டீங்க, கொடுத்தேன்.”

“மங்களகரமா ஏதாச்சும் எழுத்து இல்லீங்களா?”

இருந்தது. கொம்புக்குக் கொம்பு பூ வைத்த எழுத்து. அதற்கு ரோஸ் மைதான் பொருத்தம் என்று பாஸ்கல் தானாகவே முடிவுசெய்தார். பொங்கியண்ணன் பெயரை இடப்பக்கமும் மாரப்பன் பெயரை வலப்பக்கமும் சமமாக வைத்தார். முந்தைய வேலையில் கட்டிய அச்சைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டார்: ‘சுற்றமும் நட்பும் சூழ வருக.’

இந்த முறை மாதிரி மாரப்பன் வீட்டுக்குப் போனது. பொங்கியண்ணனுக்குக் கல்யாண வயதில் ஒரு மகன். மாரப்பனுக்கு ஒரு மகள். முறையும் சரியாக இருந்தது. மத்தியானத்துக்குள் மாங்காய் ஏற்றுகிற லாரிக்காரர்கள்வரை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மாரப்பன் ஸ்கூட்டரில் பறந்து வந்து ரத்தினசாமியின் வீட்டு வாசலில் நின்றார்.

“எம் புள்ளைக்கு எங்கிட்டக் கேக்காம முகூர்த்தம் குறிக்க நீ யாரப்பா? இனி சபையுமாச்சு, சுதியுமாச்சு!”

அவர் மகள் மட்டும் அந்தத் தாளை மடித்துத் தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்வி.

பொங்கியண்ணனும் விலகுவதாகச் சொல்லி அனுப்பினார். ரத்தினசாமியின் மனைவி ஜானகியம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “ஏனுங்க, அட்டை இல்லாம பொஸ்தகம் வராதுங்களா? எந்தக் கலரும் இல்லாம?”

பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினான் ரத்தினசாமி. நேராகச் சித்தூர். அச்சகத்துக்குள் நுழையும்போதே கத்தினான்.

“கலரே வேண்டாமுங்க! பேரு மட்டும் போதும்.”

“எந்த எழுத்து?”

“வேற என்ன இருக்குது?”

“சினிமாக் கொட்டகை நோட்டீஸுக்கு வெச்சிருக்கற மரக்கட்டை எழுத்து. உள்ளங்கை அகலம்.”

“அதையே வெச்சு நல்லா அமுத்தி அடிங்க.”

“அப்ப மை கருப்பா?”

“கருப்பும் வேண்டாம்! ஒரு எழவு பாத்தாச்சு, போதுமுங்க. எந்த மையும் வேண்டாம்!”

பாஸ்கல் அவனை உற்றுப் பார்த்தார். இரண்டு முறை தானாக முடிவெடுத்து இரண்டு முறையும் வசவு வாங்கியிருந்தார். “இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சாரே” என்றார். கோபத்தில் என்ன எழுதுகிறோம் என்று பார்க்காமலே ரத்தினசாமி எழுதிக் கொடுத்தான்.

தை முதல் தேதி. கோயில் மைதானத்தில் பந்தல் நிறைந்திருந்தது. வரமாட்டேன் என்ற பொங்கியண்ணன், மாரப்பன் வந்திருக்கிறாரா என்று பார்க்க வந்திருந்தார். மாரப்பனும் அதே காரணத்துக்காக வந்திருந்தார். மேடையில், கடவுள் வாழ்த்துப் பாடக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்த முத்தாத்தாள் பாடி முடித்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பாஸ்கல் கொண்டுவந்த இதழ்க் கட்டை ரத்தினசாமி மேடை ஓரத்தில் பிரித்தான்.

வெள்ளை. மேல் இதழின் அட்டை வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அடிவரை விரலை விட்டுப் பார்த்தான். முந்நூறும் பால் போல வெள்ளை. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மரக்கட்டை எழுத்து பதிந்த பள்ளம் தெரிந்தது.

“பாஸ்கல்! மை எங்கீங்க?”

பாஸ்கல் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ‘எந்த மையும் வேண்டாம். இப்படிக்கு, ரத்தினசாமி.’

இரண்டு வருட உழைப்பு பெயரில்லாத வெற்று அட்டைக்குள் ரத்தினசாமியின் கையில் இருந்தது. பொங்கியண்ணன் ஒரு பிரதியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாரப்பன் இன்னொன்றை.

“செவப்பு இல்ல” என்றார் பொங்கியண்ணன்.

“பச்சையுமில்ல” என்றார் மாரப்பன்.

இரண்டு பேரும் அன்றைக்கு முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆனால் கூட்டத்தில் சலசலப்பு எழுந்துவிட்டது. “என்னப்பா, அட்டைக்கு வெத்துத் தாளா?” “பேரே காணோமே!” யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. வெளியீடு என்றால் யாராவது முதல் பிரதியை வாங்கியாக வேண்டும். ரத்தினசாமி குனிந்த தலையோடு ஒரு பிரதியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தாத்தாளின் மடியில் வைத்தான். “மன்னிச்சுக்கோங்க அம்மிணி. அட்டை கெட்டுப்போச்சு. அடுத்த மாசம் சரியாப் போட்டுடறமுங்க” என்றான்.

முத்தாத்தாள் அட்டையைத் தடவினாள். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கி, வளைந்து, நின்றது. மறுபடி முதலிலிருந்து போனது. “சு...” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “தி” என்றாள். ஒலிபெருக்கி இன்னும் அவள் முன்னால்தான் இருந்தது. பந்தலில் சிரிப்பு அடங்கியது.

“பன்னண்டு வயசுல அம்மை போட்டுக் கண்ணு போனதுக்கப்புறம், நானாப் படிச்ச மொத எழுத்து இதுதானுங்க. அடுத்த மாசமும் இதே கலருதானுங்களே?”