எழுபத்தேழாம் எண் ஊழியருக்குக் கைதட்டல்

அன்பும் மரியாதையும் கலந்த அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும், என் மனைவியும், அவளுடைய முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியது மலைபோல் கிடக்கிறது.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. “மச்சான், அவங்க உன்னை அனுப்பறதுக்கு முன்னாடி நீயே வந்துடு. டைல்ஸ் கடையில வாசல் பக்கமா உனக்கு ஒரு நாற்காலி போட்டாச்சு. ஒண்ணாந்தேதிக்குள்ள பதில் சொல்லு” என்றீர்கள். பதில் இதோ: வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்பதைத்தான் இந்த ஆறு பக்கத்திலும் எழுதப்போகிறேன். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் வேலை என்னவென்று பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பல் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருளை எங்கள் அலுவலகம் தயாரிக்கிறது. புரோகிராமர்கள் எழுதுவார்கள், அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று நான் தேடுவேன். டெஸ்டர் என்று பெயர். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதுதானே வேலை என்று அக்கா சொல்வாள், சொல்லட்டும். இந்தப் பதினான்கு வருடத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு தப்பு வெளியே போனது கிடையாது.

நான்கு மாதத்துக்கு முன்னால் புது மேலாளர் வந்தார். வந்த முதல் நாளே பாரபட்சத்தை ஒழிக்கிறேன் என்று எங்கள் பெயர்களை ஒழித்துவிட்டார். பெயர் தெரிந்தால் மனம் ஒருபக்கமாகச் சாயும், எண் மட்டும்தான் நியாயம் என்றார். நான் பன்னிரண்டு ஆனேன். ஒரு மாதம் கழித்துக் குடிதண்ணீர் வைத்திருக்கும் மூலையில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, அதில் எங்கள் எண்களையும் மதிப்பெண்களையும் ஓடவிட்டார். டெஸ்டர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண், புரோகிராமர் ஒரு தப்பைச் சரிசெய்தால் ஒரு மதிப்பெண். “உழைச்சா நம்பர் ஏறும். இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?” என்று கேட்டார். கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் புயல் என்று ஒருவன் இருக்கிறான். கையும் வேகம், வாயும் வேகம், நல்ல பையன்தான். அவன் அவசரத்தில் எழுதிய பகுதி ஒரு பல் டாக்டருக்கு, அவருடைய கடைவாய்ப் பல்லை அவரே பிடுங்கிக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் குறித்துக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு பகுதியில் மட்டும் பதினோரு தப்பு. கண்டுபிடித்த டெஸ்டருக்குப் பதினொன்று, சரிசெய்த புயலுக்குப் பதினொன்று, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கேக். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும் சூட்சுமம் புரிந்துவிட்டது. எல்லோரும் தாராளமாகத் தப்பு செய்தார்கள், தாராளமாகக் கண்டுபிடித்தார்கள், தாராளமாகத் திருத்தினார்கள்.

நானும் நிதானமும்தான் மாட்டிக்கொண்டோம். நிதானம் என்பது எனக்குப் பக்கத்து மேசைப் புரோகிராமருக்கு நாங்கள் வைத்த பெயர். வீட்டில் அம்மா படுத்த படுக்கை, வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்க சார், என்னென்ன கெட்டது நடக்கும்?” என்று கேட்பாள். ஒரே ஆள் ஒரே நேரத்துக்கு இரண்டு டாக்டரிடம் பதிந்தால்? பாதியில் கரண்ட் போனால்? டாக்டர் திடீரென்று லீவு போட்டால்? நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட், அதாவது அந்தத் தப்பு வந்தால் தானாகவே பிடித்துக் காட்டும் சோதனை, எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குவாள். முடித்துக் கொடுத்தால் தப்பு இருக்காது. தப்பு இல்லாததால் எனக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, அவளுக்குத் திருத்த எதுவும் இல்லை. டிவியில் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நேராக இரண்டு பூஜ்யம். மேலாளரிடம் போய் விளக்கினேன். “வராத தப்புக்கு நான் எப்படி சார் மார்க் போடறது? அது வரலைங்கறதுக்கு ஆதாரம் என்ன?” என்று என்னையே கேட்டார்.

மானத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தான், ஒரு நாள் நாங்களும் துணிந்தோம். “சார், நாமளும் பேசிவெச்சுக்கிட்டு நாலு தப்பு பண்ணிடலாமா?” என்றாள், கண் கலங்கி. சரி என்று உட்கார்ந்தோம். அவள் ஒரு தப்பை எழுதினாள். அவளே முன்பு எழுதி வைத்த டெஸ்ட் அதை வாசலிலேயே பிடித்துச் சிவப்பு காட்டியது. இன்னொன்று எழுதினாள், அதையும் பிடித்தது. மாலை வரை முட்டிமோதியும் எங்களால் உருப்படியாக ஒரு தப்புக்கூட வெளியே அனுப்ப முடியவில்லை. “சனியன், நல்லாத்தான் எழுதித் தொலைச்சிருக்கேன்” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

முதல் காலாண்டு முடிந்தது. போன வெள்ளிக்கிழமை காலை மேலாளர் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு வெள்ளைக் கவரைக் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் பிரிக்கச் சொன்னார். கடைசி இரண்டு இடத்துக்கும் வேலையை விட்டு அனுப்பும் கவர் என்பது ஊரறிந்த ரகசியம். உங்கள் கடை நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு இயக்குநர் அம்மாவே வந்திருந்தார். நாற்பத்தோரு பேரும் நின்றோம். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலாண்டின் சிறந்த ஊழியர் எழுபத்தேழாம் எண், மதிப்பெண் நாலாயிரத்து முந்நூற்று இருபது என்று அறிவித்தார். டிவியில் அந்த எண் ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேல்மாடியில் இருக்கும் யாரோ என்று நாங்கள் நினைத்தோம், மேல்மாடிக்காரர்கள் கீழே இருக்கும் யாரோ என்று நினைத்திருக்கிறார்கள். மேலாளர் தன் கைப்பட எழுதிய மதிப்பீட்டை உருக்கமாகப் படித்தார்: “அமைதியானவர். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஒரு கேள்வியும் கேட்டதில்லை. குழுவோடு கூடிப் பழகுவதில் மட்டும் இன்னும் சற்று முன்னேறலாம்.” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஆள் மட்டும் வரவில்லை.

“எங்க அவர்?” என்றார் இயக்குநர்.

“கூச்ச சுபாவம், மேடம்” என்றார் மேலாளர்.

எனக்குக் கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். கவரின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். நாலாயிரத்து முந்நூற்று இருபதைத் தொண்ணூறு நாளால் வகுத்தால் நாற்பத்தெட்டு. நாளுக்கு இருபத்து நாலு மணி. அப்படியானால் மணிக்குச் சரியாக இரண்டு, ஞாயிற்றுக்கிழமை உட்பட. கையைத் தூக்கினேன்.

“சார், எழுபத்தேழு எப்போ தூங்குவாரு?”

அவ்வளவுதான் கேட்டேன். சிரிப்பு எழுந்து அடங்கிற்று. இயக்குநர் சிரிக்கவில்லை. எங்களை வரிசையாக எண்ணைச் சொல்லச் சொன்னார். ஒன்றில் தொடங்கி நாற்பத்தொன்றில் முடிந்தது. அப்போது புயல் முகம் வெளுத்து முன்னால் வந்தான். “அது ஆளே இல்ல, மேடம். டிவியில ஓடற போர்டை எழுதினவன் நான்தான், அது ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க நான் போட்ட பொய் நம்பர். மணிக்கு ஒரு தரம் அதுவே ஒரு தப்பைப் பதியும், அதுவே சரிபண்ணிக்கும்.” “இதை யாரும் செக் பண்ணலையா?” என்று அவர் கேட்டதற்கு, அவன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து, “என் தப்புதான் மேடம்” என்றான். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தில் அசந்துபோய்விட்டான், பாவம்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. கடைசி இரண்டு எண்ணும் யார் என்று இயக்குநர் கேட்டார். நாங்கள் கையைத் தூக்குவதற்குள், ஆஸ்பத்திரிகளின் புகார்களை நாள் முழுக்கக் கேட்கிற தொலைபேசிப் பிரிவு அம்மாள் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: “அவங்க ரெண்டு பேரும் செஞ்ச பகுதிக்கு எனக்கு ஒரு போன்கூட வந்ததில்ல, மேடம். மத்ததுக்கெல்லாம் போனை வெச்சிட்டுத் தண்ணி குடிக்க முடியல.” ஆதாரம் கேட்டாரே மேலாளர், அதுதான் ஆதாரம்! இயக்குநர் எங்கள் கவர்களைக் கேட்டு வாங்கி, பிரிக்காமலே நான்காகக் கிழித்தார். நிதானம் என் தோளில் சாய்ந்து விம்மினாள். எனக்கும் கண் நிறைந்தது, அத்தான். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். டிவியில் இப்போது மணி மட்டும் தெரிகிறது. மேலாளர் வேறு பிரிவுக்குப் போனார். இனி ஊழியர்களை மதிப்பிடும் பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் உங்கள் மைத்துனனுக்கு! முதல் உத்தரவே போட்டுவிட்டேன்: ஒவ்வொருவரின் வேலையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதுவேன், எழுதியதை அவரவர் படித்துப் பதில் சொன்ன பிறகுதான் மேலே அனுப்புவேன். செய்தி கேட்டு என் மனைவி, “அங்கயாவது நீங்க சொல்றதைக் கேக்கறாங்களே” என்று மனதார வாழ்த்தினாள்.

ஆகவே நாற்காலியைத் தாராளமாக வேறு யாருக்காவது கொடுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் கடைக்கு என் மனமார்ந்த வாழ்த்து.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்புடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டப்போகும் நேரத்தில் புயல் வந்தான். அவனைப் பற்றி நான் எழுதிய மதிப்பீட்டை, என் உத்தரவுப்படியே, காலையில் அவனிடம் கொடுத்திருந்தேன். ‘கவனம் போதாது, சோதிக்காமல் அனுப்பும் பழக்கம்’ என்று எழுதியிருந்தேன். அவன் ஒரு தாளை நீட்டினான். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த டிவி மதிப்பெண் பலகையைச் சோதித்துத் தரும்படி எனக்கு அவன் அனுப்பிய மின்னஞ்சல். கடைசி வரியில், ‘எழுபத்தேழாம் எண் நான் போட்ட பொய் எண், எடுத்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறான். கீழே என் பதில்: ‘எல்லாம் பார்த்தேன். சரியாக இருக்கிறது.’ பார்க்கவில்லை, அத்தான். என் பெயரைப் பறித்து எண்ணாக்கிய கோபத்தில் திறந்துகூடப் பார்க்காமல் எழுதி அனுப்பியிருக்கிறேன். “இதை அன்னிக்கே கூட்டத்துல காட்டியிருக்கலாமேப்பா” என்றேன். “அன்னிக்கு உங்க கையில கவர் இருந்துச்சே, சார்” என்றான். நாளைக் காலை முதல் வேலையாக இந்தத் தாளை நானே இயக்குநரிடம் கொடுக்கப்போகிறேன். அவர் என்ன முடிவு செய்தாலும் சரி, அதற்கு முன்னால் புயலின் மதிப்பீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிடுவேன்.