மாப்பிள்ளையிடம் பேசப் போருக்குப் போனேன்

கோத்தா கோலா மூடா

பெருமதிப்பிற்குரிய மருமகன் ஜனாப் தாரிக் அவர்களின் சமூகத்திற்கு, மாமனார் மீரா சாகிபு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமி கமருன்னிசாவும் இங்கு சுகம். ஜொகூரில் நீங்களும் என் மகள் ஹபீஸாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம். கடையும் சுகம். வலை, கயிறு, தூண்டில் முள் எல்லாம் முன்போலவே விற்கின்றன. என் வலது கை மட்டும் சுகமில்லை. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை வலி. காரணம் கீழே வருகிறது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள், நீங்கள்தான் எதையுமே கேட்பதில்லையே. போன் செய்தால் "நல்லாருக்கேன் மாமா, இந்தா ஹபீஸாகிட்ட தர்றேன் மாமா" என்பதோடு உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் வருகிறது. பெருநாள் வாழ்த்துக்கும் கட்டைவிரல், பக்கத்து வீட்டு ஹாஜியார் மௌத்தான செய்திக்கும் கட்டைவிரல். உங்கள் மாமி அதைப் பார்த்துவிட்டு "ஹாஜியார் போனதுல மாப்பிள்ளைக்கு அவ்ளோ சந்தோஷமா?" என்று கேட்டாள். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்பதால்தான் பேனாவை எடுத்தேன். மருமகனைக் கடிந்து பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகவே இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது விளக்கம்.

விஷயம் இப்படித் தொடங்கியது. போன மாதம் ஹபீஸா அவள் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். "அம்மா, வேலை விட்டு வர்றார், குளிக்கிறார், தொழுவுறார், அந்த ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கேம் முன்னாடி உக்கார்றார். சோறு போட்டது நானா, பக்கத்து வீட்டு அக்காவான்னுகூட அவருக்குத் தெரியாது." உங்கள் மாமி "அப்போ பேசவே மாட்டாராடி?" என்று கேட்டாள். "பேசுறார்ம்மா! அந்த கேமுக்குள்ள பேசுறார். ஜும்ஆ பயான் மாதிரி நிறுத்தாம பேசுறார். இங்க வந்தா வாய் பூட்டிக்குது." போனை வைத்துவிட்டு கமருன்னிசா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் காகிதம் தாங்காது. "நீங்க போயி மாப்பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றாள். "எங்க போறது, ஜொகூருக்கா? கடையை யார் பாக்குறது?" என்றேன். "ஜொகூருக்குப் போனா மட்டும் பேசிருவாரா? அவர் எங்க பேசுறாரோ அங்க போங்க."

அப்படித்தான், மருமகன் அவர்களே, மீன்வலை விற்கிற நான் கி.பி. மூவாயிரத்துச் சொச்சத்தில் நடக்கிற ஒரு ரோபோ யுத்தத்துக்குப் புறப்பட்டேன்.

கடையில் பில் போடுகிற கணினி அந்த விளையாட்டின் பெயரைக் கேட்டதுமே நின்றுவிட்டது. சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய் வேறொன்று வாங்கினேன். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுற்றுகின்றன. உங்கள் மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "மீன் எங்க?" என்று கேட்டாள். வீட்டில் இன்டர்நெட் கிடைப்பதில்லை, ஆகவே அதைக் கடைக் கல்லாவில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளையாட்டு இறங்கத் தொடங்கியது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கார்டு தேய்க்கிற மெஷின் நின்றது, கேமரா நின்றது, எதிர்க்கடைக்காரருக்கு நான் இரவல் கொடுத்திருந்த வைஃபையும் நின்று அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒருவரைப் பேச வைக்கப் போய் இன்னொருவர் பேச்சை இழந்தேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்குத்தான் அது முழுதாக வந்து சேர்ந்தது.

முதலில் பெயர் கேட்டது. என் பெயரைத் தட்டினேன், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்றது. உலகத்தில் எந்த மீரா சாகிபு எனக்கு முன்னால் போய் ரோபோ ஓட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோது படகுக்காரர் பாக் டின் வந்து, "தவுக்கே, தாலி நிலோன் இருக்கா?" என்று கடை முதலாளியான என்னிடம் மலாயில் நைலான் கயிறு கேட்டார். கடைக்காரன் புத்தி, வாடிக்கையாளர் கேட்டதை விரல் தானாகத் தட்டிவிட்டது. பக்கத்திலிருந்த பொத்தானும் அமுங்கியது. "வருக, தாலி நிலோன்" என்று எழுத்து வந்தது. மாற்ற முடியாதாம். பரம்பரைப் பெயரை வைத்துக்கொண்டு நான் போர்க்களத்துக்கு நைலான் கயிறு என்ற பெயரில்தான் போனேன்.

பிறகு ஒரு ரோபோவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மாமனார் என்ற மரியாதைக்காக இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன். ஐந்து மாடி உயரம், தோளில் ஏவுகணை, இரண்டு கையிலும் பீரங்கி. அதற்குப் பயிற்சி கொடுக்க ஆங்கிலத்தில் பேசுகிற ஒரு அம்மையார் வந்தார். "பைலட், முன்னால் நடங்கள்" என்றார். நடந்தேன். இதிலே ஒரு கொடுமை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான். கால் தனி, இடுப்புக்கு மேலே தனி. எலிப் பொறி மாதிரி இருக்கிற அந்த மௌஸை அசைத்தால் உடம்பு திரும்புகிறது, கால் திரும்பவில்லை. நான் கிழக்கே பார்த்துக்கொண்டு மேற்கே நடந்து ஒரு கட்டடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். "முன்னால் நடங்கள், பைலட்." நான் முன்னால்தான் நடக்கிறேன், கட்டடம் விட்டால்தானே! பாக் டின் கயிற்றை வாங்கிக்கொண்டு போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தவுக்கே, இந்த ஆள் நண்டு மாதிரி போறானே" என்று மலாயில் சொன்னார். அதுதான் என் போர்த் திறமைக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

அடுத்து சுடும் பயிற்சி. ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு துப்பாக்கி வெடிக்குமாம். நான் ஐந்து விரலையும் வைத்து அழுத்தினேன், இருக்கிற ஆயுதங்கள் எல்லாம் ஒன்றாக வெடித்தன. இலக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோபோவுக்குத்தான் சூடேறி, மணி அடித்து, விளக்கு அணைந்து, நின்ற இடத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "வெப்பம் ஆபத்தான நிலையில் உள்ளது" என்று அந்த அம்மையார் எச்சரித்துக்கொண்டே இருந்தார். சோற்றுக் கேரியரோடு வந்த உங்கள் மாமி அதைக் கேட்டுவிட்டு, "பாருங்க, வெள்ளைக்காரிக்கே தெரியுது உங்க பிரஷர். மாத்திரை போட்டீங்களா?" என்றாள். பயிற்சியை முடித்தேன் என்று சொல்லமாட்டேன். அந்த அம்மையார் அலுத்துப்போய் என்னை வெளியே விட்டார் என்று நினைக்கிறேன்.

இனிமேல் உங்களைத் தேட வேண்டும். அங்கே உங்கள் பெயர் "சி டியாம்", அதாவது பேசாதவன், என்று ஹபீஸா சொன்னாள். அந்தப் பெயரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. நீங்கள் வேலை விட்டு வருகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்த இடமானாலும் முறை முறைதானே என்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். எங்கிருந்தோ ஒரு துருக்கிக்காரர் "வ அலைக்கும் ஸலாம், சகோதரரே" என்றார். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று அந்த நல்ல மனிதர் ஓடுவதை விட்டு நின்று சொன்னார். நின்ற இடத்திலேயே அவருடைய ரோபோவின் தலை போயிற்று. அவர் பெயர்கூடத் தெரியாது. அன்று மக்ரிப் தொழுகையில் அவருக்கும் சேர்த்து துஆ செய்தேன்.

அப்போதுதான் தூரத்தில் உங்களைப் பார்த்தேன். ரோபோவின் தலைக்கு மேலே "சி டியாம்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. ஆகா, மாப்பிள்ளை கிடைத்துவிட்டார் என்று நான் மகிழ்ச்சியில் உங்களை நோக்கி ஓடினேன். "மாப்பிள்ளை, நான்தான், மாமா! மாமா!" என்று கடை அதிரக் கத்தினேன். சிவப்பு எழுத்து என்றால் எதிரணி என்பதும், எதிரணிக்காரருக்கு நம் குரல் கேட்காது என்பதும் பாக் டின்னுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கையைத் தூக்கிக் காட்டலாம் என்றால் அதற்குப் பொத்தான் இல்லை. முதலில் என் இடது கையைச் சுட்டீர்கள். பிறகு வலது கையை. அதன் பிறகு, நான் நின்றபடி இருக்க, என்னைச் சுற்றி வந்து முதுகில் சுட்டீர்கள். ரோபோ குப்புற விழுந்தது. கேரியரைக் கழுவிக்கொண்டிருந்த உங்கள் மாமி ஓடிவந்து "யார் சுட்டது?" என்றாள். "மாப்பிள்ளை." அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ், நான் போட்ட பிரியாணியைச் சாப்பிட்ட கையாலயா..." கயிறு வாங்க வந்த வேறு இரண்டு பேருக்கு பாக் டின் விஷயத்தை விளக்கினார். மறுநாள் மீன் இறங்குகிற இடத்தில் மீரா சாகிபுவை மருமகன் கொன்றுவிட்டார் என்ற பேச்சு பரவி, இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

அந்த மௌஸைப் பிடித்துப் பிடித்து என் வலது கை போனதுதான் மிச்சம். இப்படி எத்தனை தடவை உங்கள் கையால் விழுந்தேன் என்று நான் எண்ணவில்லை, மரியாதை கருதி. பாக் டின் எண்ணுகிறார்.

கடைசியில் போன சனிக்கிழமை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, உங்கள் பெயர் எனக்கு நீல எழுத்தில் வந்தது. ஒரே அணி. உங்கள் குரலும் வந்தது. மாப்பிள்ளை, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "தாலி நிலோன் அண்ணே, புதுசா? பயப்படாதீங்க, என் பின்னாடியே வாங்க. அவசரப்பட்டு எல்லாத்தையும் சுடாதீங்க, ஒன்னு ஒன்னா சுடுங்க. அந்தத் தண்ணிக்குள்ள இறங்குங்க, சூடு குறைஞ்சிரும். விழுந்தா பரவாயில்ல, நானும் ஆரம்பத்துல விழுந்துக்கிட்டேதான் இருந்தேன்." என் பெயர் மலாய், உங்களுக்கோ தமிழ் தானாக வருகிறது. யார் என்று தெரியாத ஒரு கிழட்டு நண்டை நீங்கள் ஆற்றைக் கடத்தி, மலையைச் சுற்றி, குறுக்கே வந்த குண்டையெல்லாம் உங்கள் மேல் வாங்கிக்கொண்டு கூட்டிப் போனீர்கள். நடுவில் ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தீர்கள். கல்யாண வீடியோவில்கூட நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. உங்கள் மாமியைக் கூப்பிட்டு ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன். அவள் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்ல புள்ளதாங்க. நம்ம ஹபீஸாகிட்ட மட்டும் ஏன் இப்படி இல்ல?"

அங்கேதான் நான் தவறு செய்துவிட்டேன். பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் பொத்தானை அழுத்தி, "மாப்பிள்ளை தாரிக், நான் உங்க மாமா மீரா சாகிபு பேசுறேன்" என்றேன். உங்கள் ரோபோ நடுவழியில் நின்றது. "மா..." என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், நீங்கள் காணாமல் போனீர்கள். என்னை எதிரிகளுக்கு நடுவில் விட்டுவிட்டு. அன்றிலிருந்து "சி டியாம்" அந்தப் பக்கமே வரவில்லை. போனும் எடுப்பதில்லை, கட்டைவிரலும் வருவதில்லை.

ஆகவே, எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். விளையாடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. முகம் தெரியாத நைலான் கயிற்றிடம் பேசுகிற அந்தப் பேச்சில் கொஞ்சம் வீட்டில் இருப்பவளிடமும் பேசக் கூடாதா? அவள் என்ன எதிரணியா? சோறு போடும்போது "உப்பு சரியாருக்கு" என்று சொன்னால்கூடப் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள், அவள் அம்மாவைப் போல. இந்தக் கணினியை அடுத்த வாரமே சுங்கை பட்டாணிக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். எனக்கு யுத்தம் போதும். அந்த விளையாட்டை நீங்களும் விட்டுவிடுங்கள், வீட்டில் பேசுங்கள், இது உங்கள் மாமனாரின் தாழ்மையான வேண்டுகோள்.

உங்கள் ஆயுளும் ரிஜ்க் எனும் வாழ்வாதாரமும் பெருகவும், உங்கள் இல்லத்தில் பேச்சுச் சத்தம் நிறையவும் அல்லாஹ் அருள் புரிவானாக. மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள். பாக் டின்னும் சொல்லச் சொன்னார்.

வஸ்ஸலாம்,
மாமனார் மீரா சாகிபு

பி.கு.: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது, ஆகவே வீணாக்காமல் உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இப்போதுதான் ஹபீஸா போன் செய்தாள். நீங்கள் அந்த விளையாட்டைத் தொடுவதே இல்லையாம், வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டீர்களாம். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "என்ன அத்தா அல்ஹம்துலில்லாஹ்! நிறுத்தவே மாட்டேங்கிறார்த்தா! புளி கரைச்சா ஏன் இப்ப கரைக்கிறேங்கிறார், துணி காயப்போட்டா பின்னாடியே வந்து ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேரான கதையை முதல்லேர்ந்து சொல்றார். குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு பேசுறார். பக்கத்து வீட்டு அக்கா ரேடியோவைக் குறைக்கச் சொல்லிக் கதவைத் தட்டுறாங்க. நீங்கதானேத்தா பயமுறுத்திக் கெடுத்தீங்க, நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க!" என்று அழாத குறையாகச் சொல்லிப் போனை வைத்தாள். எனவே உள்ளே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு தயவுசெய்து உள்ளே வரவும். நான் வாயைத் திறக்க மாட்டேன், மைக்கையே கழற்றி வைத்துவிடுகிறேன். நீங்கள் பேசுங்கள், மாப்பிள்ளை, கேட்க இங்கே ஆள் இருக்கிறது.