மூன்றாம் மாடி ஏறிய பூச்சி

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் பெருமைப்பட வேண்டியது, திருப்பதி அலிபிரி சாலையில் உள்ள சேஷசைல நிவாசம் அடுக்குமாடியின் ‘பூச்சி அடையாளம் காணும் குழு’ ஆற்றிய பணியைப் பற்றித்தான். மனித குலம் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. காஞ்சனா கவனித்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தவள் அவள். சமையலறைச் சுவரில் எள்ளைவிடச் சின்னதாக ஏதோ துள்ளுகிறது என்று சங்கத்தில் புகார் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. மறுநாளே சங்கத் தலைவர் லோகேஸ்வரன் பலகையில் தீர்மானம் ஒட்டினார்: ‘மேற்படி பூச்சியின் பூர்வீகம் எந்த வீடு என்று நிரூபணமாகிறதோ, அந்த வீட்டார் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.’

“உங்க ஊர் நகரியிலேர்ந்து அரிசி மூட்டை வந்துச்சா இல்லையாம்மா?” என்று கேட்டார், அவள் தலைக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்த தலைவர்.

“வந்துச்சி சார். அரிசியில வண்டு தானே இருக்கும். இது துள்ளிக்கினு இல்ல இருக்குது.”

“உங்க ஊர் வண்டு துள்ளும்.”

காஞ்சனா மனசுக்குள் நாள் எண்ணினாள். மகள் ஹரிதாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வர இன்னும் இருபதே நாள். இப்போது சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி அலைந்தால் பெண் படித்த மாதிரிதான்.

குழு கூடியது. தலைவர், செயலாளர் நாகையா, நாகையாவின் செல்போன் என மூன்று உறுப்பினர்கள். பூச்சியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி அந்தப் போனில் இருந்தது. முதல் படத்துக்கு ‘எள், எண்பத்தேழு சதவீதம்’ என்றது. இரண்டாவதுக்கு ‘காபித் தூள்’. மூன்றாவதில் தலைவரின் கட்டைவிரல் விழுந்துவிட்டது. ‘உருளைக்கிழங்கு, தொண்ணூற்றொன்பது சதவீதம்.’ மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் முறைப்படி ஏற்றப்பட்டன.

நான்காவது படத்தில் உண்மை வெளியானது. ஸ்பிரிங்டெய்ல். ஆறு கால், வயிற்றுக்கடியில் மடக்கிய வால், அதைச் சொடுக்கித்தான் துள்ளும். கடிக்காது, அரிசி தின்னாது. ஈரமும் பூஞ்சையும் இருந்தால் போதும்.

“ஈரம்னு போட்டுக்குது சார். எங்க செவுத்துக்கு ஈரம் எங்கேர்ந்து வருது?” என்றாள் காஞ்சனா.

இங்கே தலைவரின் ஆசாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். தினமும் காலையில் பூஜை அறையை இரண்டு வாளி மஞ்சள் நீர் விட்டுக் கழுவுகிறவர். கீழ் வீட்டில் பூச்சி என்று கேள்விப்பட்டதும், தீட்டு ஏறிவிடக் கூடாதே என்று நான்கு வாளி ஆக்கினார். பூச்சி பெருகியது. எட்டு வாளி ஆக்கினார். இப்படி ஒரு பக்திமானைப் பூச்சிகளும் அதற்கு முன் கண்டதில்லை.

நாகையா காஞ்சனாவின் சுவரில் டார்ச் அடித்தார். ஈரம் மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

“பசுப்பு, சார்,” என்று தெலுங்கில் சொன்னார். மஞ்சள் என்று தமிழில் சொல்லத் தைரியம் வரவில்லை.

குழு மாடி ஏறியது. தலைவரின் பூஜை அறை மூலையில், ஈரக் கோணிக்கு அடியில், பிள்ளை குட்டி பேரன் பேத்தி சகிதமாகப் பூச்சிக் குடும்பம் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது.

நாகையா பேனாவைத் திறந்தார். “அப்போ தீர்மானப்படி, ஒரு வாரத்துல...”

தலைவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு சாந்தம். “நாகையா, இது பூச்சி இல்ல. சாமி ரூம்ல இருக்கிற ஜீவராசி. வெரட்டினா பாவம்.”

மாலையே புதிய தீர்மானம் பலகை ஏறியது: ‘ஜீவகாருண்யத்தை முன்னிட்டு மேற்படி ஜீவராசிகள் தொந்தரவு செய்யப்படமாட்டா. காஞ்சனாவும் தொடர்ந்து குடியிருக்கலாம்.’

காஞ்சனா இரண்டு தடவை படித்தாள். பெண்ணின் பரீட்சைக்குப் பங்கமில்லை என்று நிம்மதியாக இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. லிப்டுக்குக் காத்திருந்த தலைவரிடம் போய் ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

“எங்க ஊட்ல இருந்த வரிக்கும் பூச்சி, உங்க ஊட்டுக்கு வந்ததும் ஜீவராசி. மேல் மாடில ஊடு எதுனா காலியானா சொல்லுங்க சார். நானும் எம் பொண்ணும் மனுஷங்க ஆயிடறோம்.”