காயட்டும் அண்ணையும் நாலு மஞ்சளும்

பெயின்ற் அடிக்கவே தெரியாமல் இருபது வருடம் பெயின்றராக வாழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வேலணைத் தீவில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் ‘காயட்டும் அண்ணை’.

சுவர் திட்டுத் திட்டாக இருக்கிறதே என்றால் “காயட்டும்” என்பார். கேட்டது பச்சை, அடித்தது நீலமல்லவா என்றால் “காயட்டும், காய்ஞ்சாச் சரி வரும்” என்பார். காய்ந்த பிறகு அவரைத் தேடிப் பிடித்தால் பிழை கிணற்றுத் தண்ணீரில் இருக்கும். உப்புக் காற்றில் இருக்கும். மேசன் பூசிய சீமெந்தில் இருக்கும். ஒருமுறை வீட்டுக்காரரின் கண்ணிலேயே இருந்தது. அவரிடம் மட்டும் இருந்ததில்லை.

ஒரு வாத்தியார் வீட்டில் யன்னல்களை மூடி வைத்துக்கொண்டு சட்டம், கதவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பூசிவிட்டார். சோழகக் காற்றுக் காலத்தில் ஒட்டிய யன்னல் வாடைக்காற்று தொடங்கும்வரை திறபடவில்லை. வீடே அவிந்தது. வாத்தியார் சண்டைக்குப் போனபோது, “இனிக் கள்ளர் பயம் இல்லைத்தானே” என்றாராம் அண்ணை.

அனலைதீவில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வேலையாகப் போனவர் மூன்று வாரம் தங்கினார். கடைசியில் வீட்டுக்காரரே வள்ளம் பிடித்து, அவரையும் அவருடைய ஏணியையும் ஏற்றி, ஊர்காவற்றுறையில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியதோடு போகவில்லை. ஆள் திரும்பி வள்ளத்தில் ஏறிவிடுவாரோ என்று அவர் பஸ் ஏறும்வரை காவல் நின்றுவிட்டுத்தான் போனார்.

இத்தனைக்கும் வேலைக்கு வருவது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டோடு. அதில் ஒரு துளி தெறிக்காது. நிலம், கதிரை, குசினியில் அவிந்துகொண்டிருக்கும் சோறு, எல்லாவற்றிலும் தெறிக்கும்.

எல்லாம் தெரிந்தும் அவரை நான் கூப்பிட்டேன். வேறு ஆள் இருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம். கையில் வேலை தெரிந்தவர்கள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போய்விட்டிருந்தார்கள். எங்கள் புது வீட்டுக்குக் குடிபூரல் வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. என் கணவர் பதுளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். அங்கிருந்து மஞ்சள் டிஸ்டெம்பர் தூள் ஒரு ரின் அனுப்பினார், குடிபூரலுக்கு முந்தினநாள்தான் தான் வருவாராம்.

குடிபூரலில் எனக்கு வேறொரு கண்டம் இருந்தது. புளியங்கூடலிலிருந்து மாமி வருகிறா. நாங்கள் விரும்பிச் செய்த கலியாணம். மாமி அதற்கு வரவில்லை. பிறகு மகன் கெஞ்சிக் கேட்டதில் வீட்டுக்கு வரச் சம்மதித்தா. வந்ததும் என் ரீச்சர் வேலையை விடச்சொல்லிக் கேட்கப் போகிறா என்ற செய்தி முன்கூட்டியே வந்துவிட்டது. தாய் சொன்னால் இவர் மறுத்துப் பேசமாட்டார். வீட்டில் ஒரு குறையும் தெரியாவிட்டால் அந்தக் கதை எழும்பாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை நான் ஒப்படைத்தது காயட்டும் அண்ணையிடம்.

வேலை தொடங்கின முதல்நாள் அண்ணை ரின்னில் பாதியை ஒரே வாளியில் கொட்டிக் கரைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் மண்டபத்தின் ஒரு சுவர் பச்சை மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல் நின்றது.

“அண்ணை, இது கூடிப்போச்சு. அளந்து கரைக்கவேணும்.”

“காயட்டும் பிள்ளை. உந்தக் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில வையும்.”

இரண்டாம் நாள் அடித்த சுவர் பழுத்த வாழைப்பழம். மூன்றாம் நாள் பருப்புத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் காயட்டும். நாலாவது சுவருக்கு வந்தபோது தூள் முடிந்துவிட்டது. ரின்னைக் கழுவின தண்ணீரை அடித்துவிட்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, “குடிபூரலுக்கு வாறன்” என்று சொல்லிப் போனார். நான் அழைக்கவில்லை.

நாலு சுவரும் நன்றாகக் காய்ந்தன. நாலும் நாலு வீட்டுச் சுவராகவே நின்றன.

குடிபூரலன்று மாமி வந்தா. பால் பொங்கியது; எல்லாரும் மண்டபத்தில் பாயில் இருந்து சாப்பிட்டார்கள். மாமி மட்டும் நடுவில் ஒரு கதிரையில் இருந்து நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தா.

“வீட்டுக்காரி வீட்டில நிண்டு பாத்திருந்தா உப்பிடி வந்திருக்குமே? பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் எண்டு ஓடித் திரிஞ்சா வீடு இந்தக் கோலந்தான். தம்பி, நான் சொன்னது இப்ப விளங்குதோ?”

என் கணவர் குனிந்து இலையைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் மூலையில், மூன்றாவது தரம் பாயாசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த காயட்டும் அண்ணை எழும்பினார்.

“அக்கா, பிள்ளையில பிழையில்லை. அவ ஒவ்வொரு நாளும் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை. எனக்குப் பெயின்ற் அடிக்கத் தெரியாது.”

தீவுப்பகுதி முழுவதும் வருடக்கணக்காகச் சொல்லிவந்த உண்மை, கடைசியில் அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஒரு பெரியவர் பரிமாற வந்த வடையைக்கூட வாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தா. “தெரியாட்டி பேந்து ஏன் அடிச்சனீர்?”

“கூப்பிட்டவை. வந்தனான்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. பொத்தியும் நிற்கவில்லை, கதிரை குலுங்கியது. அந்தச் சிரிப்போடு வேலையை விடும் கதை அதற்குமேல் போகவில்லை. அடுத்த தவணை தொடங்க, நான் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

குடிபூரலன்று பின்னேரமே வாசல் படலையடியில் அண்ணையைப் பிடித்தேன். “பெரிய உபகாரம் அண்ணை. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது உமக்காண்டிச் சொன்ன பொய், பிள்ளை. வெளியில கதைச்சுப்போடாதேயும். வேலையில பிழையே இல்லை. உங்கட கிணத்துத் தண்ணிதான் சரியில்லை.”

அதன்பிறகு அந்த மண்டபத்துக்கு மூன்று முறை பெயின்ற் அடித்தோம். மூன்று முறையும் அவரையே கூப்பிட்டேன். மூன்று முறையும் நாசம். நானும் கத்தினேன், அவரும் கத்தினார். அவர் செத்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கெட்டிக்காரப் பெயின்றர் வந்து இரண்டே நாளில், ஒரு திட்டும் இல்லாமல், நாலு சுவரையும் ஒரே நிறத்தில் முடித்துக் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, அவரோடு என்ன கதைப்பதென்று தெரியாமல் நின்றேன்.